‘திடீர்னு அடிக்கிறான்’: காரணத்தை எங்கிருந்து தேடத் தொடங்குவது

என் தம்பிக்கு இப்போது 34 வயது. அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உண்டு. பேச்சு ஏழெட்டுச் சொல்தான். எட்டு வருடம் முன்பு ஒரு தை மாதத்தில் அம்மாவை அடிக்கத் தொடங்கினான். அதுவரை யார் மேலும் கை ஓங்கியதில்லை. சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: வயசுக் கோளாறு, கல்யாண ஏக்கம், காத்துக் கருப்பு. நாங்கள் பார்த்த மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார். பகலெல்லாம் தூங்கினான், விழித்த நேரத்தில் அடித்தான். நாலு மாதம் கழித்து, மாமா சோற்றை ஒரே பக்கமாக மெல்லுகிறார் என்று என் மகள் வந்து சொன்னாள். கடைவாய்ப் பல் சொத்தையாகி அடியில் சீழ் கட்டியிருந்தது. பல்லை எடுத்த வாரமே அடி நின்றது.

அந்த நாலு மாதமும் அவன் வலியோடு இருந்தான், நாங்கள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகுதான் சிறப்புக் கல்வி டிப்ளமோ படித்தேன். இப்போது வளர்ந்தவர்களுக்கான பகல்நேர மையம் ஒன்றில் வேலை செய்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போகும்போது நீங்கள் வெறும் கையோடு போகக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். தேடும் வரிசை முக்கியம். முதலில் உடம்பு, அடுத்து மாத்திரை, அதற்கடுத்து அடிக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்பது. ‘அவன் குணமே அப்படி’ என்ற முடிவுக்கு இதையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை வராதீர்கள். பெரும்பாலும் அங்கே போய்ச் சேர வேண்டிய தேவையே வராது.

தேடும் முன் ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு முறை அடி விழுந்ததும் மூன்று விஷயம் எழுதுங்கள்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதன் பின் அவருக்கு என்ன கிடைத்தது அல்லது எதிலிருந்து தப்பினார். நேரமும் வேண்டும், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதும் வேண்டும். ‘கோபப்பட்டான்’ என்று எழுதினால் பயனில்லை. ‘சாயந்திரம் ஆறு மணி, அம்மா குக்கரைத் திறந்தார், வலது கையால் அம்மா தோளில் இரண்டு அடி, அம்மா வெளியே போய்விட்டார்’ என்று எழுதினால் பயன் உண்டு. பக்கத்தின் அடியில் அன்றைய தூக்கம், மலம் போனதா, மாத்திரை மாறியதா என்று ஒரு வரி. அடிக்காமல் நன்றாக இருந்த நேரங்களையும் குறியுங்கள். அவைதான் சில நேரம் பதிலைக் காட்டும். இரண்டு வாரம் விடாமல் எழுதினால் ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்கும்.

இந்த முறைக்குப் பின்னால் நீண்ட ஆராய்ச்சி இருக்கிறது. 1982-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் பிரயன் ஐவாட்டாவும் உடன் இருந்தவர்களும், தங்களையே காயப்படுத்திக்கொண்ட ஒன்பது பிள்ளைகளை வெவ்வேறு சூழலில் வைத்துப் பார்த்தார்கள். பாடம் சொல்லும்போது, தனியாக விடும்போது, கவனிப்புக் கிடைக்கும்போது, சும்மா விளையாடும்போது என்று நான்கு சூழல். வெளியே ஒரே மாதிரித் தெரிந்த செயல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு காரணத்தால் நடந்தது. பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பலித்த வைத்தியம் உங்கள் மகனுக்குப் பலிக்காததற்கு இதுதான் விளக்கம். ஆனால் அவர்கள் செய்தது போல வேண்டுமென்றே தூண்டிப் பார்க்கும் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். அதற்குப் பயிற்சியும் பாதுகாப்பும் வேண்டும். நமக்கு நோட்டு போதும்.

நோட்டுக்குக் காத்திருக்கக் கூடாத நிலைமைகள் சில உண்டு. காய்ச்சலோடு உடம்பு விறைத்தால், அதுவும் மனநல மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அன்றைக்கே அவசர சிகிச்சை. தலையை முட்டிக்கொண்ட பிறகு வாந்தியோ மயக்கமோ வந்தாலும், தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாலும், ஆளே அடையாளம் தெரியாமல் குழம்பினாலும் அப்படித்தான். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இதற்கு முன் இல்லவே இல்லை, சில வாரமாகத்தான்

வலி என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ‘எங்கே வலிக்குது கண்ணு?’ என்று கேட்டால் பதில் வராது. சிலர் எந்த இடத்தைத் தொட்டாலும் ‘ஆமாம்’ என்பார்கள். அதனால் கேட்பதைவிடப் பார்ப்பது மேல்.

வாயிலிருந்து தொடங்குங்கள். ஒரு பக்கமாக மெல்லுதல், முறுக்கு போன்றதைத் தொடாமல் விடுதல், குளிர்ந்த தண்ணீரைத் தள்ளுதல், கன்னத்தைத் தட்டிக்கொள்ளுதல், எச்சில் திடீரென அதிகமாதல். பிறகு காது. அழுக்கு அடைத்திருந்தாலே போதும், கேட்பதும் குறையும், எரிச்சலும் வரும். தலையைச் சுவரில் முட்டினால் காதுவலி, தலைவலி, சைனஸ் எல்லாவற்றையும் நினைக்க வேண்டும். அடுத்து பாதம். நகம் சதைக்குள் வளர்ந்திருக்கும், செருப்பு கடித்திருக்கும். குளிக்கும்போது உடம்பு முழுவதும் பார்த்துவிடுங்கள், வீக்கம், சிராய்ப்பு, படர்தாமரை. வலிப்பு மாத்திரைகளை வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு பலம் குறைந்திருக்கலாம், சின்ன விழுகையில்கூட முறிவு வரும். சிறுநீர் கழிக்கும்போது முகம் சுளித்தால் சிறுநீர்ப் பரிசோதனை.

சேலத்தில் சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் கேட்கத் தெரியாதவர் எவ்வளவு குடிக்கிறார் என்பதையும் பாருங்கள். ‘இவர்கள் இப்படித்தான் இருப்பார்கள்’ என்று உடல்நோயைக் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடுவது மருத்துவர்களிடமும் நடக்கும், நம்மிடமும் நடக்கும். என் வீட்டில் நடந்தது அதுதான்.

கோவிலுக்குப் போக வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றினால் போகட்டும், கோட்டை மாரியம்மன் எங்களுக்கும் துணைதான். போகும் முன் ஒருமுறை டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள்.

சாப்பிட்ட பிறகு, படுத்த பிறகு, அல்லது கழிவறைப் பக்கம் கூப்பிடும்போது

மலச்சிக்கலும் நெஞ்செரிச்சலும். இரண்டும் நம் பிள்ளைகளிடம் மிகச் சாதாரணம், இரண்டையும் யாரும் கவனிப்பதில்லை. தினமும் போகிறதா, எவ்வளவு, கட்டியாகவா என்று எழுதுங்கள். ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள்: தண்ணியாகப் போகிறதே, பேதிதானே என்று நினைப்பார்கள். உள்ளே கெட்டியாக அடைத்திருக்க, அதைச் சுற்றி நீர்மலம் கசிவதும் உண்டு. அப்போது பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் நிலைமை மோசமாகும். நெஞ்செரிச்சல் என்றால் படுத்தவுடன் எழுந்து உட்கார்வது, சாப்பிட்ட அரை மணியில் முறுக்கிக்கொள்வது, கையை வாய்க்குள் விடுவது போன்றவை தெரியும். இரவு அடி என்று வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுப்பதற்கும் எவ்வளவு இடைவெளி என்பதுதான்.

மாதத்தில் சில நாள் மட்டும்

பெண் என்றால் மாதவிடாய் தேதியை நோட்டில் சேர்த்துக் குறியுங்கள். மூன்று மாதம் ஒத்துப்போனால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். வலி மாத்திரையிலேயே தீர்ந்துவிடுவதும் உண்டு.

மாத்திரை மாற்றிய பிறகு

மாத்திரை மாறிய தேதியையும் அடி தொடங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் லெவிடிராசிடம் சிலருக்கு எரிச்சலையும் மூர்க்கத்தையும் கொண்டுவரும். பழைய ஃபீனோபார்பிட்டோனும் அப்படித்தான். அமைதிக்காகக் கொடுக்கும் குளோனசிபாம் வகை மாத்திரைகள் அறிவுசார் குறைபாடுள்ள சிலரிடம் தலைகீழாக வேலை செய்து கட்டுப்பாட்டைக் குறைத்துவிடும்.

இன்னொன்று ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் போன்றவை தரும் அகத்தீசியா. உள்ளுக்குள் ஒரு தவிப்பு, உட்கார முடியாது, நிற்க முடியாது, கால் ஓயாது நடக்கும். பேசத் தெரிந்தவர் ‘என்னால் இருக்க முடியவில்லை’ என்பார். பேசத் தெரியாதவர் கிட்டே வருபவரைத் தள்ளிவிடுவார். அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று அதே மாத்திரையைக் கூட்டினால் தவிப்பு இன்னும் கூடும். நடை, உட்காருதல், கை நடுக்கம் இவற்றை போனில் இரண்டு நிமிட வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நடுக்கத்துக்காகக் கொடுக்கும் டிரைஹெக்சிஃபெனிடில் மலச்சிக்கலைக் கொண்டுவரும். அங்கிருந்து மேலே சொன்ன மலச்சிக்கல் பகுதிக்குத் திரும்பப் போக வேண்டியிருக்கும்.

எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஃபிட்ஸ் உள்ளவர்

வலிப்பு வந்து தெளியும் குழப்பத்தில் பிடித்தால் தள்ளுவார், அடிப்பார். அதில் நோக்கம் எதுவும் இல்லை. பிடிக்காமல், பக்கத்தில் கூரான பொருள் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். வலிப்புக்கு முந்தைய நாளே சிலர் எரிச்சலாக இருப்பார்கள். இரண்டு தேதியையும் சேர்த்துக் குறித்தால் தெரியும்.

ஏதாவது செய்யச் சொன்னால் அடி

அடித்தால் அந்த வேலை நின்றுவிடுகிறதா என்று நோட்டில் பாருங்கள். குளிக்கக் கூப்பிட்டால் அடிக்கிறார், ‘சரி, நாளைக்குக் குளிக்கலாம்’ என்று விட்டுவிடுகிறோம். அடி வேலை செய்துவிட்டது. அவருக்கு வேறு வழி தெரியாது, இந்த வழி பலிக்கிறது.

ஆனால் அதோடு நிறுத்திவிடாமல், அந்த வேலையில் எந்தத் துண்டு பிடிக்கவில்லை என்று கேளுங்கள். எங்கள் மையத்துக்கு வந்த ஒருவருக்கு இடுப்பில் படர்தாமரை, சோப்பு பட்டால் எரியும். இன்னொருவருக்குத் தலையில் தண்ணீர் ஊற்றுவதுதான் ஆகாது, குவளையை அவர் கையிலேயே கொடுத்தோம், பிரச்சினை அத்தோடு போயிற்று. ‘ட்ரெஸ் எடுத்துட்டு வந்து பாத்ரூம் போய் டேப்பைத் திற’ என்று ஒரே மூச்சில் மூன்று வேலை சொன்னால் குழம்புபவர்களும் இருக்கிறார்கள். ஒன்றொன்றாகச் சொல்லுங்கள்.

அடுத்தது, ‘வேண்டாம்’, ‘கொஞ்ச நேரம் கழித்து’ என்பதற்கு ஒரு சைகையோ படமோ கற்றுக்கொடுப்பது. 1985-இல் எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்தது. பாடம் கடினமாக இருந்ததால் மூர்க்கமானவர்களுக்கு உதவி கேட்கவும், கவனிப்புக்காக அப்படிச் செய்தவர்களுக்குக் கவனிப்பைக் கேட்கவும் ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்தார்கள், தொல்லை குறைந்தது. சைகை காட்டினால் முதல் சில வாரம் கட்டாயம் மதியுங்கள், அன்று குளியல் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. கையை உயர்த்திக் காட்டியும் யாரும் நிற்கவில்லை என்றால் அவர் பழைய வழிக்கே திரும்புவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முப்பது வயதுக்காரரை ‘பாப்பா, சமத்தா வா’ என்று எல்லார் முன்னும் இழுத்துப் போனால் யாருக்குத்தான் கோபம் வராது? இவர்கள் வளர்ந்தவர்கள்.

நீங்கள் வேறு வேலையில் இருக்கும்போது மட்டும்

செவ்வாப்பேட்டையில் வீட்டிலேயே கொலுசுக்கு மணி கோர்க்கும் ஓர் அம்மா. மகளுக்கு 28 வயது. அம்மா தட்டை எடுத்து உட்கார்ந்தால் முடியைப் பிடித்து இழுப்பார், மணியைக் கொட்டுவார். உடனே அம்மா வேலையைப் போட்டுவிட்டுக் கத்துவார், அழுவார், அரைமணி நேரம் அவரோடேயே இருப்பார். திட்டும் கவனிப்புதான், மகளுக்கு அது போதுமாக இருந்தது.

கண்டுகொள்ளாமல் இரு என்று சொன்னால் அது பாதி வைத்தியம். கண்டுகொள்ளாமல் விட்டால் முதல் சில நாள் அடி கூடும், பயந்துபோய் அப்போது திரும்பிப் பார்த்துவிட்டால் கூடுதலாக அடித்தால்தான் பலிக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். அதற்குப் பதிலாக, இழுப்பதற்கு முன்பே கவனிப்பைக் கொடுத்தோம். மகளுக்கும் ஒரு தட்டு, பெரிய மணி தனி, சின்ன மணி தனி என்று பிரிக்க. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அம்மா தானாகத் திரும்பி இரண்டு வார்த்தை பேசுவார். அம்மாவின் முழங்காலைத் தட்டினால் ‘என்னைப் பார்’ என்று அர்த்தம். ஆறு வாரம் ஆயிற்று. இப்போதும் வேலை அவசரமான நாட்களில் சிக்கல் வருகிறது, ஆனால் முடியைப் பிடிப்பதில்லை.

கேட்ட பொருள் கிடைக்காததால் வரும் அடியும் இதே கணக்குத்தான். தட்டுவடைக் கடையைத் தாண்டும்போது அடித்து வாங்கினார் என்றால், அடுத்த முறை கடைக்கு முன்பே, அவர் அமைதியாக இருக்கும்போதே, ‘இன்னைக்கு ஒரு செட்’ என்று சொல்லிவிடுங்கள். இன்று இல்லை என்றால் வேறு தெருவில் போங்கள்.

சத்தத்தில், கூட்டத்தில், வழக்கம் மாறிய நாளில்

இங்கே நம் ஊகம் மிகவும் ஏமாற்றும். கொண்டலாம்பட்டியில் விசைத்தறிக்கு அடுத்த சுவரில் வீடு. அங்கே ஒரு தம்பிக்கு ஆட்டிசம். தறிச் சத்தம்தான் காரணம், வீடு மாற வேண்டும் என்று அட்வான்ஸ் வரை போய்விட்டார்கள். நோட்டைப் பார்த்தால் அடி எல்லாம் தறி ஓடாத நாட்களில்: மின்தடை நாள், பண்டிகை விடுமுறை. அந்தச் சத்தம் பிறந்ததிலிருந்து கேட்டது, அவருக்கு அது சத்தமே இல்லை. அது நின்றால்தான் எதிர்வீட்டுக் குழந்தை அழுவதும் நாய் குரைப்பதும் அவர் காதில் விழுந்தன. தறி நிற்கும் நாளில் போனில் ஒரே சீரான மின்விசிறிச் சத்தத்தை ஓடவிட்டுப் பார்த்தார்கள், அடி வெகுவாகக் குறைந்தது. அட்வான்ஸையும் திரும்ப வாங்கிவிட்டார்கள்.

ஆடி மாதம் சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கைக்கு (அலங்கார வண்டி ஊர்வலம்) அழைத்துப் போகலாமா என்று கேட்பார்கள். கூட்டம் பிடிக்கும் என்றால் போங்கள். பிடிக்காதவரை ஊருக்காக இழுத்துப் போக வேண்டாம்.

ஏற்காட்டிலிருந்து வரும் ஒருவரின் கதை பயணம் பற்றியது. காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பம். திங்கட்கிழமை எங்கள் மையத்துக்குள் நுழைந்ததும் முதலில் கையில் கிடைப்பவரை அடிப்பார். இடம் பிடிக்கவில்லை என்றுதான் நாங்களே நினைத்தோம். ஆனால் முதல் நாள் இரவே கீழே வந்து கோரிமேட்டில் சித்தி வீட்டில் தங்கிய வாரங்களில் சிரித்துக்கொண்டு வந்தார். இருபது கொண்டை ஊசி வளைவு, காலையில் வயிறு நிறைய இட்லி, பேருந்தின் கடைசி இருக்கை. குமட்டலைச் சொல்லத் தெரியவில்லை. இட்லியை இறங்கிய பிறகு கொடுத்தார்கள், முன் இருக்கையில் ஜன்னல் ஓரம் உட்காரவைத்தார்கள். மையத்தின் மேல் அவருக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

ஒரே ஒருவரை மட்டும், அல்லது ஒரே இடத்தில் மட்டும்

இதை மெதுவாகப் படியுங்கள். அந்த ஆள் கண்டிப்பானவராக இருக்கலாம், வலிக்கும் பிசியோதெரபி செய்பவராக இருக்கலாம். அவர் இவரைத் துன்புறுத்துபவராகவும் இருக்கலாம். உடை மாற்றும்போது பயம், அந்தரங்க உறுப்பில் காயம், விளக்கமில்லாத நகக்குறி, திடீரெனப் படுக்கையில் சிறுநீர், அந்த ஆள் குரல் கேட்டதும் ஒளிதல் இருந்தால் தனியாக விடாதீர்கள். சொந்தக்காரர் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன்படி இப்படிச் சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் (எக்ஸிகியூட்டிவ் மேஜிஸ்ட்ரேட்) தகவல் தரலாம். காவல் நிலையத்துக்கும் போகலாம்.

நாற்பதைத் தாண்டியவர்

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு தைராய்டு குறைவு, கண்புரை, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு ஆகியவை அதிகம். நாற்பதுகளிலேயே அல்சைமர் மறதியும் தொடங்கலாம். தெரிந்த வேலையை மறந்து தடுமாறும்போது வரும் எரிச்சல் அது. இந்த வயதில்தான் அப்பாவோ அம்மாவோ தவறிப்போவதும் நடக்கிறது. ‘அவனுக்கு என்ன தெரியப்போகுது’ என்று சொல்லாமலே காரியத்தை முடித்துவிடுகிறார்கள். அவருக்குத் தெரிவதெல்லாம் ஒருவர் காணாமல் போனார், யாரும் தேடவில்லை என்பதுதான். போட்டோவைக் காட்டி, எளிய சொல்லில், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அவரை அழ விடுங்கள்.

அடிக்கிற அந்த நிமிடத்தில்

விளக்கம் சொல்லாதீர்கள். ஒரு கை தூரம் பின்னால் போங்கள், குழந்தைகளை வெளியே அனுப்புங்கள், கதவை அடைத்து நிற்காதீர்கள், குரலைத் தாழ்த்துங்கள். கட்டிப்போடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மனநோய் உள்ளவரைச் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது.

எல்லாம் பார்த்தாயிற்று, பதில் கிடைக்கவில்லை

மனநல மருத்துவரிடம் போங்கள். மனச்சோர்வு நம் பிள்ளைகளுக்கும் வரும். ‘சோகமா இருக்கு’ என்று சொல்லாமல் தூக்கம் கெட்டு, பிடித்ததைத் தொடாமல், அடியாக வெளிப்படும். அப்போது மருந்து உண்மையாகவே உதவும். காரணம் தேடாமல் அடிக்கு மட்டும் மருந்து என்பதில்தான் எனக்குத் தயக்கம். 2008-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில், அடிக்கும் பழக்கமுள்ள, அறிவுசார் குறைபாடுள்ள 86 பேருக்கு ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். மூன்று பிரிவிலும் அடி குறைந்தது, வெற்று மாத்திரைப் பிரிவில்தான் மிக அதிகமாகக் குறைந்தது. இதைச் சொல்லி மருத்துவரோடு சண்டை போட வேண்டாம். ‘இந்த மாத்திரை எதற்கு, எத்தனை வாரத்தில் பலன் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் எப்போது குறைப்பீங்க?’ என்று மரியாதையாகக் கேளுங்கள், பதிலை நோட்டில் எழுதுங்கள். ஊரில் கிடைக்காவிட்டால் 14416 டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

போகும்போது நோட்டு, வீடியோ, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் (நாட்டு மருந்து உட்பட), பழைய சீட்டுகள், மாற்றுத்திறனாளி அட்டை ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையோ தனியார் கிளினிக்கோ, காத்திருக்கும் நேரம் அவருக்குக் கஷ்டம். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் வரிசையில் நிற்கட்டும், ஒருவர் அவரோடு வெளியே மர நிழலில் இருக்கட்டும், முறை நெருங்கும்போது போனில் கூப்பிட்டால் போதும். என் தம்பிக்கு ஒரு பாட்டில் மோரும் அவனுடைய பழைய துண்டும் கூட வேண்டும்.